ஒற்றுமைப் பேச்சை வாசிக்கும் முறை: அமெரிக்கக் கறுப்பின அரசியலை முன்வைத்து

பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளில் பலர் ஒபாமாவின் ஒரு பத்தியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 2004 ஜூலை 27, பாஸ்டன் நகரில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அப்போது அவர் இல்லினாய் மாநிலச் செனட்டர், வாஷிங்டனில் உள்ள அமெரிக்கச் செனட்டுக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். கறுப்பு அமெரிக்கா, வெள்ளை அமெரிக்கா, லத்தினோ அமெரிக்கா, ஆசிய அமெரிக்கா என்று தனித்தனியாகக் கிடையாது, இருப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகள் மட்டுமே என்று அவர் முழங்கிய இடம் அது. ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் ஒரு மாணவி அதை அழகாகச் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடையை விட்டு இறங்கி வந்தவள் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், எல்லாரும் ஒண்ணுன்னு அவரே சொல்லிட்டாரே. அப்புறம் எதுக்குக் கறுப்பர் உயிர் முக்கியம்னு தனியா கோஷம் போடுறாங்க?"

கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் கூடுவார்கள். குரூப் தேர்வுக்குப் படிப்பவர்கள், மேடை ஏறப் பழகுபவர்கள், சும்மா கேட்க வருபவர்கள். அவர்களோடு உலகத் தலைவர்களின் உரைகளைப் படித்துப் படித்து உருவான முறை இது. யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டின் ஒற்றுமை என்று யார் பேசினாலும், அந்த ஒற்றுமைக்காக யார் கையிலிருந்து என்ன போகிறது என்று பாருங்கள். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கைத்தான் கேட்டு வருகிறார்கள். ஒற்றுமையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் எங்கள் பங்கைக் கொடுங்கள், ஒன்றாக இருப்போம் என்றவர்களே அதிகம்.

முழு உரையை எடுங்கள்

ரீல்ஸில் வரும் நாற்பது நொடித் துண்டு உதவாது. முழு உரையையும் எழுத்தில் எடுத்து, ஓரத்தில் நல்ல இடம் விட்டு அச்சிட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை வாய்விட்டு வாசியுங்கள், எதையும் கோடிட வேண்டாம். மேடைப் பேச்சு காதுக்காக எழுதப்பட்டது. வாய்விட்டுப் படித்தால்தான் எங்கே குரல் ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியும். இரண்டாம் தடவை பென்சில்.

1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேச்சைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் தெரிந்தது கனவு வரும் பகுதி. அந்தப் பகுதிக்கு வருமுன் அவர் கடன் கணக்குப் பேசுகிறார். அமெரிக்காவை உருவாக்கியவர்கள் எல்லாக் குடிமக்களுக்கும் ஒரு கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள், கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை மட்டும் கணக்கில் போதிய பணம் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது, அதைப் பணமாக்கத்தான் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்கிறார். நின்ற இடம் லிங்கன் நினைவிடத்தின் படிகள். அடிமைகளை விடுவிக்கும் லிங்கனின் பிரகடனம் வந்தது 1863 ஜனவரி 1. நூறு வருடம் கழித்துக் கடன் கேட்கிறார். அந்தப் பேரணியின் பெயரே வேலைக்கும் சுதந்திரத்துக்குமான பேரணி.

தோலின் நிறத்தை வைத்து யாரையும் எடைபோடாத நாள் வரும் என்ற வரியை மட்டும் வெட்டி எடுத்து, இனத்தைப் பற்றியே இனி பேசக் கூடாது என்று வாதாடுபவர்கள் அமெரிக்காவில் நிறைய. காசோலையைக் கிழித்துப் போட்டுவிட்டு வாழ்த்து அட்டையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். முழுப் பேச்சையும் படித்தவர்களிடம் அந்த வாதம் எடுபடாது.

தேதியைப் போடுங்கள், அந்த வாரத்துச் செய்தியைத் தேடுங்கள்

தாளின் தலையில் தேதி, ஊர், எதிரே இருந்தவர்கள் யார் என்று எழுதுங்கள். பிறகு அந்த வாரம் அந்த ஊரில் என்ன நடந்தது என்று தேடுங்கள். இதைச் சோம்பல்படாமல் செய்தால் பாதி வேலை முடிந்தது.

1963 ஏப்ரல் 12. அலபாமா மாநிலம், பர்மிங்காம் நகரம். எட்டு வெள்ளை இன மதத் தலைவர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். ஒற்றுமைக்கான அழைப்பு என்பது அதன் பெயர். பெயரை மட்டும் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். உள்ளே இருப்பதைப் படியுங்கள். ஆர்ப்பாட்டங்கள் அறிவுடைமை ஆகாது, காலம் பொருந்தாதவை என்கிறது. வெளியாட்கள் வந்து நடத்துகிறார்கள் என்கிறது. ஆர்ப்பாட்டங்களை அமைதியாகக் கையாண்டதற்காகக் காவல் துறையைப் பாராட்டுகிறது. உரிமை மறுக்கப்பட்டால் நீதிமன்றத்துக்குப் போங்கள், உள்ளூர்த் தலைவர்களோடு பேசுங்கள், தெருவுக்கு வராதீர்கள் என்று கறுப்பின மக்களைக் கேட்டுக்கொள்கிறது.

அதே ஏப்ரல் 12, பெரிய வெள்ளிக்கிழமை. அன்றுதான் கிங் கைதானார். சிறைக்குள் அந்த அறிக்கையைப் படித்து, நாளிதழின் ஓரத்து வெள்ளை இடத்தில் பதில் எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 16 தேதியிட்ட பர்மிங்காம் சிறைக் கடிதம் பிறந்தது இப்படித்தான். பதற்றம் இல்லாதிருப்பதையே அமைதி என்று கொள்பவர்களையும், நீதி இருப்பதை அமைதி என்று கொள்பவர்களையும் அதில் அவர் பிரித்துக் காட்டுகிறார். வெளிப்படையான வெறியர்களை விட, நோக்கம் சரி, முறைதான் சரியில்லை என்று தள்ளிப்போடச் சொல்லும் மிதவாத வெள்ளையர்கள் தன்னை அதிகம் வருத்துகிறார்கள் என்று எழுதுகிறார்.

அறிக்கையையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். கோபமே வராத பிள்ளைகளுக்கும் அன்றைக்குக் கோபம் வரும், வரட்டும். கோபம் தணிந்த பிறகு இன்னொரு தடவை படியுங்கள். அந்த எட்டுப் பேரும் தங்களை நல்லவர்கள் என்று மனதார நம்பியவர்கள். ஊர் இரண்டுபடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு உண்மையிலேயே இருந்தது. அந்தக் கவலைக்கான விலையை மட்டும் வேறு ஆட்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விலை கொடுத்தது யார்

பென்சில் இப்போது தேட வேண்டியது இதைத்தான். ஒற்றுமைக்காக விட்டுக்கொடுங்கள் என்று பேச்சில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஓரத்தில் யார், எதை என்று எழுதுங்கள். அமெரிக்க வரலாற்றில் இந்த வரி திரும்பத் திரும்ப வரும்.

1787இல் அரசியல் சட்டம் எழுதியபோது மாநிலங்களை ஒன்றாகக் கட்டிப்போட ஓர் ஏற்பாடு செய்தார்கள். பிரதிநிதிகள் சபைக்கு இடம் ஒதுக்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடுவது. அடிமைக்கு ஓட்டு இல்லை. அவர் தலையை எண்ணிக் கிடைத்த கூடுதல் இடம் எசமானின் மாநிலத்துக்கு. 1850இல் நாடு உடைந்துவிடும் என்று பயந்து இன்னொரு சமரசம். கலிபோர்னியா அடிமைமுறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தது, அதே மூச்சில் தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் கடுமையான சட்டமும் வந்தது. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிந்து அரசியல் சட்டத்தின் 13, 14, 15ஆம் திருத்தங்களால் விடுதலையும் குடியுரிமையும் ஓட்டுரிமையும் எழுத்தில் கிடைத்தன. 1876 ஜனாதிபதித் தேர்தல் இழுபறியானது. 1877இல் இரண்டு கட்சிகளும் சமாதானமாகி, தெற்கில் மிச்சமிருந்த கூட்டாட்சிப் படையின் காவல் விலக்கப்பட்டது. வடக்கும் தெற்கும் கைகுலுக்கின. தெற்கிலிருந்த கறுப்பின மக்களின் ஓட்டு அடுத்த சில பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோனது.

இதில் என்னை அதிகம் உலுக்குவது 1913. அந்த உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க்கில் நடந்த சண்டையின் ஐம்பதாம் ஆண்டு. இரண்டு தரப்பிலும் போரிட்ட கிழவர்கள் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அந்த மைதானத்தில் கூடினார்கள். ஜூலை 4 அன்று ஜனாதிபதி உட்ரோ வில்சன் பேசினார். பகை போயிற்று, சண்டை மறந்தது, மறுபடி சகோதரர்களானோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். அடிமைமுறை என்ற சொல்லை அதில் தேடிப் பாருங்கள். வடக்கின் படையில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பினச் சிப்பாய்கள் போரிட்டிருக்கிறார்கள். யாரை வைத்திருப்பது, யாரை விடுவிப்பது என்றுதான் அந்தப் போரே. மறந்துவிட்டோம் என்று அவர் சொன்ன அதே 1913இல் அவருடைய நிர்வாகத்தில் கருவூலத்திலும் அஞ்சல் துறையிலும் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தார்கள்.

நம் கரையில் நடந்ததை ஒன்று சொன்னால் இன்னும் விளங்கும். பாம்பனில் ஒரு கூட்டம். மேடையில் பேசியவர் விசைப்படகு வைத்திருப்பவர். "கடலுக்குப் போறவன் எல்லாம் ஒண்ணு, நமக்குள்ள பேதம் இல்லை" என்றார். மணலில் உட்கார்ந்திருந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர் எழுந்தார். கையில் ஒரு நண்டு வலை. மிதவைக் கட்டைகள் பாதியோடு அறுந்து தொங்கின. விசைப்படகின் இழுவை மடியில் மாட்டிக் கிழிந்தது. "ஒண்ணுதாண்ணே. யாரு இல்லைன்னா? இந்த வலைக்கு யாரு காசு குடுக்குறதுன்னு மொதல்ல பேசிப்புடுவோம்" என்றார். "இந்த நேரத்துல இதைக் கிளப்பிப் பிரிச்சு விடாதப்பா" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. வலை பறிபோனதும் மனிதரை விற்று வாங்கியதும் ஒரே எடை இல்லை. நான் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வது அந்தக் கடைசி வாக்கியத்தை. வலையைக் கிழித்தவர் பிரித்தவராக ஆகவில்லை, வலையைத் தூக்கிக் காட்டியவர் ஆனார். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் பிரிவினை என்ற பழி விழுவது இந்த வழியில்தான்.

ஒரு பேச்சைப் பிரித்துப் பார்ப்போம்: ஃபேனி லூ ஹேமர், 1964

முறையைச் சொல்லிக்கொண்டே போவதை விட ஒன்றைச் செய்து காட்டுகிறேன். என் பட்டியலில் முதல் இடம் இந்தப் பேச்சுக்கு. சில நிமிடங்களில் படித்து முடித்துவிடலாம். பேசியவர் பருத்திக் காட்டில் வேலை பார்த்தவர். அலங்காரம் எதுவும் கிடையாது.

தேதி 1964 ஆகஸ்ட் 22. ஊர் அட்லாண்டிக் சிட்டி. ஜனநாயகக் கட்சி மாநாட்டில் யார் பிரதிநிதி என்று சரிபார்க்கும் குழு எதிரே. அந்த வாரம்: மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்த அதிகாரபூர்வக் குழு முழுக்க வெள்ளையர். கறுப்பின மக்களை ஓட்டுப் பதிய விடாமல் தடுத்துவிட்டுத் தேர்ந்தெடுத்த குழு. அதற்கு எதிராக மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று இன்னொரு குழு வந்து, எங்களை உட்கார வையுங்கள் என்று கேட்டது. லிண்டன் ஜான்சன் ஜனாதிபதி. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டத்தில் ஜூலை 2 அன்றுதான் கையெழுத்திட்டிருந்தார். தெற்கத்தி வெள்ளையர்கள் வெளியேறிவிட்டால் தேர்தலில் அடி விழும் என்று பயந்தார். கட்சி ஒன்றாக நிற்க வேண்டும் என்பது அன்றைய மந்திரம்.

ஹேமர் தன் பெயரைச் சொல்கிறார், வீட்டு முகவரியைச் சொல்கிறார். தன் மாவட்டம் எந்தெந்த செனட்டர்களின் சொந்த இடம் என்றும் சொல்கிறார். இங்கே பென்சிலை நிறுத்துங்கள். உயிருக்கு மிரட்டல் உள்ள ஒரு பெண் நாடே பார்க்கும் தொலைக்காட்சியில் முகவரியை ஏன் சொல்ல வேண்டும்? நானும் இந்த நாட்டில் ஒரு விலாசம் உள்ளவள் என்று காட்டத்தான் என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகள் வேறு காரணம் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

பிறகு நடந்ததைச் சொல்கிறார். 1962 ஆகஸ்ட் 31. அவரும் சேர்ந்து 18 பேர், 26 மைல் பயணம் செய்து ஓட்டுப் பதியப் போகிறார்கள். திரும்பும்போது போலீஸ் மறிக்கிறது. பேருந்தின் நிறம் சரியில்லை என்று ஓட்டுநர் மேல் வழக்கு. வீடு திரும்பினால், 18 வருடமாக வேலை பார்த்த தோட்டத்தின் முதலாளி வந்து பெயரைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியேறு என்கிறார். உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று பதில் சொல்கிறார் ஹேமர். அன்று இரவே வெளியேற வேண்டி வந்தது. 1963 ஜூனில் ஒரு பயிற்சி முகாமிலிருந்து திரும்பும் வழியில் வினோனா என்ற ஊரில் கைது. சிறையில் இரண்டு கறுப்பினக் கைதிகளின் கையிலேயே தடியைக் கொடுத்து அவரை அடிக்க வைத்தார்கள்.

கடைசி வாக்கியம். எங்களை உட்கார வைக்காவிட்டால் அமெரிக்காவையே கேள்வி கேட்கிறேன் என்கிறார். தேசிய கீதத்தில் வரும் சுதந்திர பூமி, வீரர்களின் வீடு என்ற சொற்களை எடுத்து, தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தூங்க வேண்டிய இந்த நாடா அது என்று கேட்கிறார். இந்த இடத்தில் ஒரு பையன் நிறுத்தி, ரிசீவரை ஏன் கீழே வைக்க வேண்டும் என்று கேட்டான். வீட்டில் பழைய கறுப்பு டெலிபோன் ஒன்று கிடந்தது. எடுத்து வந்து காட்டினேன். ரிசீவர் கீழே இருந்தால் மணி அடிக்காது, மணி அடிக்காவிட்டால் கொன்றுவிடுவேன் என்ற குரலை ராத்திரியில் கேட்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு அழைப்பவர்களும் பிடிக்க முடியாது, அது வேறு. இதெல்லாம் கேள்வி கேட்காமல் வாசித்தால் கண்ணில் படாது.

பார்த்தீர்களா, ஒற்றுமை என்ற சொல்லை அவர் தொடவே இல்லை. தேசிய கீதத்தை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, இதில் நான் உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நாட்டுப்பற்று இல்லை என்று சொல்பவர்களோடு நான் வாதாடத் தயார்.

அடுத்து, பேச்சுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர் கூட்டம் போட்டார், கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. தொலைக்காட்சிகள் சாயங்காலச் செய்தியில் ஹேமரின் பேச்சைப் போட்டுவிட்டதால் அது பலிக்கவில்லை. கட்சி இரண்டே இரண்டு இடம் தருவதாகச் சொன்னது, அதில் யார் உட்காருவது என்பதையும் கட்சியே முடிவு செய்தது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1965 ஆகஸ்ட் 6இல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. 1968 மாநாட்டில் ஹேமர் பிரதிநிதியாக உட்கார்ந்தார். 2013 ஜூன் 25இல் ஷெல்பி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் ஒரு முக்கியமான பிடியைத் தளர்த்தியது. எந்த எந்த மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் அனுமதி வாங்க வேண்டும் என்று கணக்கிடும் சூத்திரம் செல்லாது என்றது. ஒரு பேச்சை வாசித்து முடித்தோம் என்று சொல்வதற்கு முன் இவ்வளவு தூரம் பின்தொடர வேண்டும்.

கறுப்பினம் என்றால் ஒரே குரல் என்று நினைக்காதீர்கள்

அதே வருடத்தில் மாற்றுக் குரல் எது என்று கட்டாயம் தேடுங்கள். 1964 ஏப்ரல் 3, கிளீவ்லாந்து. மால்கம் எக்ஸ், நான் அமெரிக்கன் இல்லை, அமெரிக்கத்தனத்துக்குப் பலியான 2.2 கோடிக் கறுப்பின மக்களில் ஒருவன் என்றார். ஹேமரும் அவரும் ஒரே அடக்குமுறையைப் பார்த்தவர்கள், வெவ்வேறு முடிவுக்கு வந்தவர்கள். இன்னும் பின்னால் போனால் 1895 அட்லாண்டாவில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன், சமூக விஷயங்களில் விரல்கள் போலத் தனித்தனியாக இருப்போம், முன்னேற்றத்துக்கு ஒரே கையாக இருப்போம் என்று வெள்ளையர்களிடம் சொன்னார். பலத்த கைதட்டல். 1903இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவரைக் கடுமையாக மறுத்தார். ஒரே கறுப்பு உடலுக்குள் அமெரிக்கன், கறுப்பன் என்று இரண்டு ஆன்மாக்கள் மோதுகின்றன, இரண்டில் எதையும் இழக்காமல் இருக்க வேண்டும் என்று எழுதியவர் அவர். அடையாளமும் நாடும் ஒன்றை ஒன்று அழிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது.

ஷெர்லி சிஷோமை விட்டுவிடாதீர்கள். காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். 1972 ஜனவரி 25இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்பதாக அறிவித்தபோது, நான் கறுப்பு அமெரிக்காவின் வேட்பாளர் இல்லை, ஆனாலும் கறுப்பினத்தவள் என்பதில் எனக்குப் பெருமை, பெண்கள் இயக்கத்தின் வேட்பாளர் இல்லை, ஆனாலும் பெண்ணாக இருப்பதில் பெருமை, நான் மக்களின் வேட்பாளர் என்றார். இரண்டு பெருமைகளையும் சொல்லிவிட்டுத்தான் மக்களின் வேட்பாளர் என்ற பொதுவுக்குப் போகிறார். அந்த வரிசையைக் கவனியுங்கள்.

நம் காலத்திலும் இப்படித்தான். 2021 ஏப்ரல் 28இல் குடியரசுக் கட்சியின் கறுப்பினச் செனட்டர் டிம் ஸ்காட், அமெரிக்கா இனவெறி நாடு இல்லை என்றார். மறுநாள் துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ், நானும் அப்படி நினைக்கவில்லை, ஆனால் இனவெறியின் வரலாற்றைப் பற்றி உண்மையைப் பேச வேண்டும் என்றார். முதல் பாதி ஒன்றுதான், இரண்டாம் பாதியில்தான் அரசியல். 2023 ஜூன் 29இல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கறுப்பின நீதிபதிகள் இருவர் எதிரெதிரே நின்றார்கள். கிளாரன்ஸ் தாமஸ் தீர்ப்பை ஆதரித்து, சட்டம் நிறம் பார்க்காது என்றார். கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன், வட கரோலினா பல்கலைக்கழக வழக்கில், சட்டத்தில் இனம் பொருட்டில்லை என்று சொல்லிவிட்டால் வாழ்க்கையில் அது பொருட்டில்லாமல் போய்விடாது என்று மறுத்தார். நான் ஜாக்சன் பக்கம். ஆனாலும் தாமஸைப் படிக்காமல் என்னோடு சேராதீர்கள்.

இப்போது ஒபாமாவுக்குத் திரும்பலாம்

2004ஐ மட்டும் படித்தால் அவர் அடையாளத்தைக் கரைத்துவிட்டார் என்று தோன்றும். 2008 மார்ச் 18, பிலடெல்பியா உரையைப் பக்கத்தில் வையுங்கள். அவருடைய போதகர் ஜெரமையா ரைட்டின் கோபமான பிரசங்கங்கள் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த நேரம், அவரைக் கைகழுவு என்ற நெருக்கடி. கறுப்பினச் சமூகத்தை எப்படிக் கைவிட முடியாதோ, என் வெள்ளைப் பாட்டியை எப்படிக் கைவிட முடியாதோ, அப்படியே இவரையும் என்றார். அந்தப் பாட்டியே தெருவில் கறுப்பின ஆண்களைக் கண்டு பயந்ததையும் சொன்னார். கறுப்பினக் கோபம், வெள்ளைத் தொழிலாளிகளின் மனக்குறை இரண்டுக்கும் காரணம் உண்டு என்று விரித்தார். அடுத்த மாத இறுதியில் ரைட் மறுபடி பேசிய பேச்சுகளுக்குப் பிறகு ஒபாமா உறவை முறித்துக்கொண்டார். அதையும் மறைக்காமல் ஓரத்தில் எழுதுங்கள்.

2013 ஜூலை 19. டிரேவான் மார்ட்டின் என்ற பதினேழு வயதுப் பையனைச் சுட்டவர் விடுதலையாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்போது ஜனாதிபதியாக இருந்த ஒபாமா, 35 வருடத்துக்கு முன்னால் அது நானாக இருந்திருக்கலாம் என்றார். 2004இல் கறுப்பு அமெரிக்கா என்று தனியே இல்லை என்ற அதே வாய்தான். இதை முரண் என்று எழுதிய பிள்ளைகள் உண்டு. 2004இல் பேசியது எட்ட வேண்டிய இடம், 2013இல் பேசியது நிற்கும் இடம் என்று ஒரு மாணவி எழுதினாள். எனக்கு அவள் எழுதியதுதான் சரியாகப் பட்டது. முதலில் கேட்டவளின் கேள்விக்கும் இங்கேதான் பதில். எட்ட வேண்டிய இடத்தை எட்டிவிட்டோம் என்று யாராவது அறிவிக்கும்போது, இன்னும் வழியில் சுடப்படுகிறவர்கள் கோஷம் போடத்தான் செய்வார்கள்.

நம் ஊரோடு ஒப்பிடும்போது

பிள்ளைகள் உடனே சாதியோடு பொருத்திப் பார்ப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் பொருத்தாமல் இருக்க முடியாது. 1957இல் இங்கே நடந்த சாதிக் கலவரத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒப்பிடுங்கள், ஆனால் ஒன்றின் மேல் இன்னொன்றை ஒட்டிவிடாதீர்கள். அங்கே கடல் தாண்டிக் கொண்டுவந்து விற்றது, நிறத்தால் குறிவைத்தது. இங்கே நிறம் சொல்லாததை ஊரும் தெருவும் சொல்லிவிடுகின்றன. இரண்டு பத்தி எழுதி, எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பிரித்துக் காட்டினால் போதும்.

கிங் 1959இல் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படித்த ஒரு பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்தேன், பிறகு யோசித்துப் பார்த்தால் ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தோன்றியது என 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டா தேவாலயத்தில் அவரே சொன்னார். சுதந்திர தினப் பிரசங்கத்தில் அதைச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேடையில் பேசும்போது கறுப்பின மக்கள் என்று சொல்லுங்கள். பழைய உரைகளில் நீக்ரோ என்று இருந்தால் மேற்கோளுக்குள் மட்டும் வரட்டும். கண்ணீர் வரவழைக்கும் குரலில் ஹேமரை நடிக்க வேண்டாம், அவர் பேசியது போல வேகம் குறையாமல் சொல்லுங்கள்.

தொடங்குபவர்களுக்கு வரிசை

முதலில் ஹேமர். அடுத்து, அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5, ராச்செஸ்டர். சுதந்திர தின விழாவுக்கு அழைத்தவர்களைச் சக குடிமக்களே என்று விளித்துவிட்டு, இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது இல்லை என்று சொன்ன உரை. நீளமானது, இரண்டு வாரமாகப் பிரித்துப் படியுங்கள். கடைசிப் பகுதியில் அரசியல் சட்டத்தை அவர் விடுதலைப் பத்திரம் என்று உயர்த்திப் பிடிப்பதைத் தவறவிடாதீர்கள். பிறகு பர்மிங்காம் அறிக்கையும் கடிதமும். அதன் பிறகு ஒபாமாவின் இரண்டு உரைகள், 2004ம் 2008ம்.

கடைசியாக பார்பரா ஜோர்டன், 1974 ஜூலை 25. ஜனாதிபதி நிக்சன் மேல் குற்றச்சாட்டை விசாரித்த நாடாளுமன்றக் குழுவில் டெக்சாஸைச் சேர்ந்த கறுப்பின உறுப்பினர். 1787இல் அரசியல் சட்டம் எழுதி முடித்தபோது மக்களாகிய நாம் என்பதில் நான் இல்லை, ஏதோ தவறுதலாக என்னை விட்டுவிட்டார்கள் என்று பல வருடம் நினைத்தேன், திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும் ஒருவழியாகச் சேர்க்கப்பட்டேன் என்று தொடங்குகிறார். சேர்ந்தவர் நன்றி சொல்லி உட்காரவில்லை. அந்தச் சட்டத்தைக் குலைப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று ஜனாதிபதியையே விசாரிக்கிறார். இதைப் படித்துவிட்டு, ஹேமரின் 1964 கேள்விக்கு ஜோர்டன் 1974இல் சொன்ன பதில் என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதி என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்திருக்க வேண்டும்.